பாராலீகல் சான்றிதழுக்கு எட்டாயிரம் டாலர் கட்டலாமா?

“அக்கா, எட்டாயிரத்து நானூறு டாலர் கேக்கிறாங்க. பத்தே மாசத்துல பாராலீகல் ஆயிடலாமாம். கட்டிடட்டுமா?”

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் வந்த போன் இது. பேசியவள் எங்கள் தமிழ்ப் பள்ளியில் என்னோடு சேர்ந்து சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கிறவள். கோயம்புத்தூரில் பி.காம். முடித்து, ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் ஆறு வருடம் இருந்தவள். கலிஃபோர்னியா வந்து நாலு வருடமாகிறது. கணவரின் கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு ஒப்புதலாகி, எச்-4 விசாவில் (எச்-1பி ஊழியரின் துணைவருக்கான விசா) இருப்பவரை வேலை செய்ய அனுமதிக்கும் ஈஏடி அட்டை அப்போதுதான் கைக்கு வந்திருந்தது. நாலு வருடம் சம்பாதிக்க முடியாமல் இருந்துவிட்டு அந்த அட்டையைக் கையில் பிடிக்கும்போது மனசு எப்படிப் பரபரக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

“இப்பவே கட்டாதம்மா. ஒரு வாரம் பொறு” என்றேன். அந்த ஒரு வாரத்தில் நாங்கள் இருவரும் உட்கார்ந்து போட்ட கணக்குதான் இந்தக் கட்டுரை. குடியேற்ற வழக்குகள் பார்க்கும் ஒரு சிறிய லா ஆபீஸில் நான் பதினோரு வருடமாகப் பாராலீகலாக, அதாவது வழக்கறிஞரின் கீழ் சட்ட வேலைகளைச் செய்யும் உதவியாளராக, இருக்கிறேன். இந்த வேலைக்கு வர நினைப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ‘எந்தக் கோர்ஸ் நல்லது?’ என்ற ஒரே கேள்வியைத்தான். கோர்ஸ் கட்டணம் கண்ணுக்குத் தெரிகிற செலவு. சம்பளம் வராமல் கழியும் மாதங்கள் கண்ணுக்குத் தெரியாத செலவு. இந்த இரண்டாவதுதான் பல மடங்கு பெரியது. அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்பதுதான் என் கவலை.

வேலை எப்படிப்பட்டது

சான்றிதழின் விலையைப் பார்ப்பதற்கு முன், அது எந்த நாற்காலிக்குக் கொண்டுபோய் விடுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

என் மேசைக்கு அடிக்கடி வரும் ஒரு கோப்பைச் சொல்கிறேன். கிரீன் கார்டுக்கான ஐ-485 விண்ணப்பம். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலி, முழுப் பெயரும் ஒரே கட்டத்தில். அதனால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்என்யு’ என்று அச்சாகியிருக்கும், அதாவது முதல் பெயர் தெரியவில்லை என்று பொருள். பள்ளிச் சான்றிதழில் அப்பா பெயரின் முதல் எழுத்து இனிஷியலாக முன்னால் நிற்கும். திருமணப் பதிவில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால் வரும். பிறப்புச் சான்றிதழை எடுத்தால் குழந்தையின் பெயர் இருக்க வேண்டிய இடமே வெறுமையாக இருக்கும். அந்தக் காலத்தில் பெயர் வைக்கும் முன்பே பிறப்பைப் பதிந்துவிடுவார்கள் அல்லவா. ஒரே ஆள், நாலு தாளில் நாலு விதமாக.

இவற்றை வரிசைப்படுத்தி, எந்தத் தாளில் என்ன முரண் என்று பட்டியலிட்டு, பெற்றோரோ மூத்த உறவினரோ தர வேண்டிய உறுதிமொழிப் பத்திரத்தின் வரைவைத் தயாரித்து, தமிழில் உள்ள தாள்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் மொழிபெயர்ப்பாளரின் சான்றுரையும் இருக்கின்றனவா என்று பார்த்து, அட்டர்னியின் (வழக்கறிஞரின்) மேசையில் வைப்பது என் வேலை. எந்த வழியில் போவது என்று முடிவெடுப்பது அட்டர்னி. கலிஃபோர்னியாவில் பாராலீகல் சட்ட ஆலோசனை சொல்லக் கூடாது, கோர்ட்டில் வாதாடக் கூடாது, கட்சிக்காரரிடம் கட்டணம் பேசக் கூடாது. வாடிக்கையாளர் போனில் “நீங்களே சொல்லுங்களேன்க்கா, எனக்குக் கிடைக்குமா கிடைக்காதா?” என்று அழுகிற குரலில் கேட்கும்போதும் “அட்டர்னியைப் பேசச் சொல்கிறேன்” என்றுதான் சொல்ல வேண்டும். பதில் நன்றாகத் தெரிந்திருந்தாலும் அவ்வளவுதான். இந்த எல்லைக்குள் நிம்மதியாக இருக்க முடியாதவர்களுக்கு இந்த வேலை ஒத்துவராது.

அட்டர்னிகள் ஏன் பாராலீகலுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பதும் கணக்கில் சேர வேண்டிய விஷயம். நம் நேரத்தை அவர்கள் மணிக்கணக்கில் கட்சிக்காரருக்கு பில் போட முடியும். நம் தரப்பு அட்டர்னியின் கட்டணத்தை எதிர்த்தரப்பே தர வேண்டிய வழக்குகளிலும் பாராலீகல் நேரத்தைச் சந்தை விலைக்கே கேட்கலாம் என்று 1989-இல் மிசௌரி எதிர் ஜென்கின்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தபால் ஒட்டுவது, நகல் எடுப்பது போன்ற எழுத்தர் வேலைக்கு அப்படி பில் போட முடியாது. பாராலீகலுக்கும் அலுவலக உதவியாளருக்கும் சம்பளத்தில் இருக்கும் இடைவெளி இங்கிருந்துதான் பிறக்கிறது. கலிஃபோர்னியாவில், சட்டப்படித் தகுதியில்லாத ஒருவரின் நேரத்தைப் பாராலீகல் நேரம் என்று காட்டினால் எதிர்த்தரப்பு கேள்வி எழுப்பலாம். அதனால்தான் நல்ல ஆபீஸ்கள் தகுதியை எழுத்தில் கேட்கின்றன.

சட்டம் கேட்பது எவ்வளவு

அந்தத் தகுதி என்ன? கலிஃபோர்னியாவின் வணிக, தொழில் சட்டத்தொகுப்பில் 6450-ஆம் பிரிவு. பாராலீகல் என்ற பெயரை யார் போட்டுக்கொள்ளலாம் என்று அது வரையறுக்கிறது. இதற்கு மாநிலத் தேர்வு கிடையாது, உரிம எண் கிடையாது. இன்று புதிதாக வருபவருக்குத் திறந்திருக்கும் வழிகளைச் சுருக்கிச் சொன்னால் மூன்று.

அமெரிக்கன் பார் அசோசியேஷன் (அமெரிக்க வழக்கறிஞர் சங்கம்) அங்கீகரித்த பாராலீகல் படிப்பை முடித்த சான்றிதழ் ஒன்று. இரண்டாவது, அந்த அங்கீகாரம் இல்லாவிட்டாலும், முறையான அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனத்தில் சட்டம் சார்ந்த பாடங்களில் குறைந்தது 24 செமஸ்டர் யூனிட் கொண்ட பாராலீகல் படிப்பை முடித்த சான்றிதழ் (யூனிட் என்பது கல்லூரிப் பாடத்தின் அளவு, ஒரு பாடம் பொதுவாக மூன்று யூனிட்). மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாதது: ஏதாவது ஒரு பாடத்தில் இளநிலைப் பட்டம், குறைந்தது மூன்று வருடமாகக் கலிஃபோர்னியா பாரில் (மாநில வழக்கறிஞர் அமைப்பில்) உறுப்பினராக இருக்கும் அட்டர்னியின் கீழ் ஒரு வருட சட்டப் பணி அனுபவம், ‘இவருக்குப் பாராலீகல் வேலை செய்யும் தகுதி இருக்கிறது’ என்று அந்த அட்டர்னி எழுதித் தரும் உறுதிமொழி. இந்த வழியில் எந்தச் சான்றிதழும் தேவையில்லை.

எந்த வழியில் வந்தாலும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை சட்ட நெறிமுறையில் 4 மணி நேரமும் பொதுச் சட்டத்தில் 4 மணி நேரமும் தொடர்கல்வி முடித்திருக்க வேண்டும். அது பெரிய செலவில்லை.

என் முதல் தவறை இங்கே சொல்லிவிடுகிறேன். ஈஏடி வந்த உற்சாகத்தில் இணையத்தில் ஒரு பாராலீகல் கோர்ஸைப் பார்த்து, சில நூறு டாலர்தானே என்று உடனே கட்டினேன். ஆறு வாரம் இரவு இரவாக உட்கார்ந்து முடித்தேன். பொன்னிற விளிம்பு போட்ட சான்றிதழ் தபாலில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு போன முதல் நேர்முகத்தில், அலுவலக மேலாளர் அம்மா அதைப் பொறுமையாகப் படித்துவிட்டு, “இது எத்தனை யூனிட்?” என்று கேட்டார். யூனிட்டே கிடையாது. 6450 என்ற எண்ணை நான் வாழ்க்கையில் முதன்முதலாகக் கேட்டது அந்த அறையில்தான். கோர்ஸ் நடத்தியவர்கள் பொய் ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. பணம் போனதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. அந்தக் கோர்ஸை நம்பி வேறு எங்கும் விண்ணப்பிக்காமல் காத்திருந்த நாலு மாதம் திரும்பி வரவே இல்லை.

மூன்று வழிகள், ஒரே கணக்கு

இனி எண்களுக்கு வருவோம். கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்களில் (குறைந்த கட்டணத்தில் நடக்கும் அரசுக் கல்லூரிகளில்) மாநிலவாசிகளுக்கு யூனிட்டுக்கு 46 டாலர். 24 யூனிட் என்றால் 1,104 டாலர், 30 யூனிட் என்றால் 1,380. புத்தகத்துக்கு ஒரு 600 வைத்துக்கொள்வோம். மாநிலவாசி ஆக ஒரு வருடத்துக்கு மேல் இங்கே நிலையாகக் குடியிருந்திருக்க வேண்டும். எச்-4 இருப்பவர்கள் அப்படி ஆகலாம், எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்கள் ஆக முடியாது. ஆகாதவர்களுக்குக் கட்டணம் பல மடங்கு ஏறிவிடும். தனியார் நிறுவனங்களிலும் பல்கலைக்கழகங்களின் விரிவாக்கப் பிரிவுகளிலும் சில ஆயிரங்களில் தொடங்கி அதற்கு மேலே போகிறது. இந்தத் தங்கைக்குச் சொன்ன தொகை 8,400.

விலை மட்டும் பார்த்தால் விவாதமே முடிந்தது போல இருக்கும். ஆனால் மலிவான வழி மெதுவானது. மாலையில் செமஸ்டருக்கு இரண்டு பாடம் எடுத்தால் 30 யூனிட் முடிக்க இரண்டரை வருடம் ஆகும். தனியாரில் பத்தே மாதம். “அப்போ சீக்கிரம் முடிச்சா சீக்கிரம் சம்பாதிக்கலாமில்லயாக்கா?” என்றாள். நியாயமான கேள்வி. அதைத்தான் மாதம் மாதமாகப் போட்டுப் பார்த்தோம்.

கணக்குக்காகச் சில அனுமானங்கள். லா ஆபீஸில் முன்மேசை (ரிசப்ஷன்) வேலையோ லீகல் அசிஸ்டென்ட் வேலையோ மணிக்கு 23 டாலர். புதிய பாராலீகலுக்கு 28. வருடத்துக்கு 2,080 மணி நேரம். அப்படியானால் 47,840-க்கும் 58,240-க்கும் நடுவில் வருடத்துக்கு 10,400 டாலர் வித்தியாசம், வரிக்கு முன். மூன்று வருடம், அதாவது 36 மாதத்தை எல்லைக்கோடாக வைத்தோம். உங்கள் ஊருக்கு எண்கள் மாறும், போடும் முறை மாறாது.

முதல் வழி: 8,400 கட்டி, வேலைக்குப் போகாமல் பத்து மாதம் படிப்பு. முடித்தபின் வேலை தேட நாலு மாதம். மிச்சம் 22 மாதம் பாராலீகல் சம்பளம், சுமார் 1,06,770. கட்டணத்தைக் கழித்தால் 98,370.

இரண்டாவது: முதலில் லா ஆபீஸில் முன்மேசை வேலை தேடுவது, அதற்கு மூன்று மாதம். பகலில் வேலை, மாலையில் கம்யூனிட்டி காலேஜ். 30-ஆவது மாதம் படிப்பு முடிகிறது. அதுவரை 27 மாதம் குறைந்த சம்பளம், 1,07,640. கடைசி ஆறு மாதம் பாராலீகல் சம்பளம், 29,120. கட்டணமும் புத்தகமும் போக 1,34,780.

மூன்றாவது: பட்டம் ஏற்கப்பட்டவர், அதே மூன்று மாதத் தேடலுக்குப் பிறகு ஒரு வருடம் குறைந்த சம்பளத்தில் இருந்து, அட்டர்னியின் உறுதிமொழியோடு பாராலீகல் ஆகிறார். 47,840-உம் 21 மாதத்துக்கு 1,01,920-உம் சேர்த்து 1,49,760. கல்லூரிச் செலவு இல்லை.

முதலாவதற்கும் இரண்டாவதற்கும் இடையே 36,000 டாலருக்கு மேல் இடைவெளி. அதில் கட்டண வித்தியாசம் என்று பார்த்தால் வெறும் 6,420. மீதி முப்பதாயிரமும் சம்பளம் வராத மாதங்கள். இதைப் பார்த்ததும் அவள் பேசவே இல்லை. கால்குலேட்டரை வாங்கித் திரும்ப ஒரு தரம் போட்டாள்.

பத்து மாதக் கோர்ஸுக்காரர்களுக்கு நியாயமாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. நீங்கள் ஏற்கனவே லா ஆபீஸில் வேலையில் இருந்துகொண்டே அதை மாலையில் முடிக்க முடியுமானால் கணக்கு தலைகீழாகும். இருபது மாதம் முன்னதாகவே மணிக்கு 5 டாலர் உயர்வு வந்தால் 17,000 டாலருக்கு மேல் கூடுதல் வரவு, கூடுதல் கட்டணத்தை எடுத்துவிட்டு மிச்சமும் இருக்கும். ஆனால் அதற்கு ஆபீஸ் அந்த உயர்வைத் தருவதாக முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். ‘சான்றிதழ் கொண்டுவந்தால் பார்க்கலாம்’ என்ற பேச்சை நம்பி எட்டாயிரம் போடக் கூடாது.

ஈஏடி இன்னும் வராதவர்களுக்கு வேறு கணக்கு. எச்-4-இல் வேலை செய்யத்தான் ஈஏடி வேண்டும், படிக்க வேண்டாம். இழப்பதற்குச் சம்பளமே இல்லை என்பதால், பகலில் செமஸ்டருக்கு நாலு பாடம் எடுத்து ஒரே வருடத்தில் 24 யூனிட்டை முடித்துவிடலாம். 1,104 டாலரில் சட்டம் கேட்கும் யூனிட் அளவு நிறைந்துவிடும் (ஆனால் தகுதிக்குப் படிப்பை முடித்த சான்றிதழும் வேண்டும், அந்தக் கல்லூரியின் சான்றிதழுக்கு அதற்கு மேல் யூனிட் தேவைப்படலாம், பார்த்துக்கொள்ளுங்கள்). அட்டை வரும் நாளில் கையில் தகுதி தயாராக இருக்கும். எனக்கு அன்று இதை யாராவது சொல்லியிருந்தால் என்று இன்றும் நினைப்பதுண்டு. சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் மட்டும் டேகேர் செலவையும் சேர்த்துப் போட வேண்டும். அது எல்லாக் கணக்கையும் புரட்டிப்போடும் தொகை. அப்படிப்பட்டவர்களுக்கு கணவர் வீட்டில் இருக்கும் மாலை நேர வகுப்பே சரி.

மூன்றாவது வழியில் உள்ள முள்

பட்டம் இருந்தால் சான்றிதழே வேண்டாமே, பிறகென்ன யோசனை என்று தோன்றும். நம் ஊர் பட்டத்தில்தான் சிக்கல். பி.காம்., பி.எஸ்ஸி., பி.ஏ. மூன்று வருடப் படிப்புகள். அவற்றை நான்கு வருட அமெரிக்க இளநிலைப் பட்டத்துக்குச் சமம் என்று வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் எல்லா நிறுவனங்களும் ஒத்துக்கொள்வதில்லை. பி.இ., பி.டெக். படித்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. முதுகலையும் முடித்தவர்களுக்கு நிலைமை பெரும்பாலும் எளிது. இந்தத் தங்கைக்கு மூன்று வருட பி.காம். மட்டும்தான். ஆகவே அவளுக்கு மூன்றாவது வழியை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து. எதற்கும் முன்பாகப் பட்டத்தை மதிப்பீட்டுக்கு அனுப்பி முடிவைக் கையில் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

இன்னொரு முள், அந்த உறுதிமொழி ஓர் அட்டர்னியின் கையெழுத்தில் தொங்குகிறது. அவர் ஓய்வு பெற்றாலோ, மனஸ்தாபத்தில் நீங்கள் வெளியே வந்தாலோ, தாள் இல்லாமல் நிற்பீர்கள். ஒரு வருடம் முடிந்த அன்றே எழுதி வாங்கி, நகல் எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

கலிஃபோர்னியாவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இந்தப் பகுதி பொருந்தாது. பெரும்பாலான மாநிலங்களில் பாராலீகல் என்று பெயர் போட்டுக்கொள்ள இப்படி ஒரு சட்டத் தகுதி கிடையாது. அங்கே சான்றிதழ் என்பது வேலை தருபவரின் விருப்பம் மட்டுமே. டெக்சாஸ், நார்த் கரோலைனா போன்ற இடங்களில் விரும்பியவர்கள் எடுக்கும் மாநில அளவிலான சான்றளிப்புகள் உண்டு. அரிசோனா 2021 முதல் உரிமம் பெற்ற லீகல் பாராப்ரொஃபெஷனல் என்ற தனி நிலையை வைத்திருக்கிறது. அவர்கள் குடும்ப வழக்கு போன்ற சில துறைகளில் அட்டர்னி இல்லாமலேயே கட்சிக்காரருக்காக நிற்கலாம். டாலஸில் இருக்கும் ஒருவர் கலிஃபோர்னியாக் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டு சான்றிதழுக்குப் பணம் கட்டினால் அது வீண்.

வருமானம்: நடு எண்ணை நம்பி ஏமாறாதீர்கள்

கோர்ஸ் விளம்பரங்களில் வரும் எண் பெரும்பாலும் தொழிலாளர் புள்ளியியல் துறையின் இடைநிலைச் சம்பளம். 2024 மே மாதக் கணக்குப்படி நாடு முழுவதற்கும் வருடத்துக்கு 61,010 டாலர், அதாவது மணிக்கு 29 டாலர் 33 சென்ட். இடைநிலை என்றால் பாதிப்பேர் அதற்குக் கீழே என்று அர்த்தம், அந்தப் பாதியில்தான் புதியவர்கள் இருப்பார்கள். கீழ்த்தட்டுப் பத்து சதவீதத்தினர் 40,000-க்கும் குறைவாக வாங்குகிறார்கள். ‘பாராலீகல் சம்பளம் 61,000’ என்று சொல்லி உங்களைச் சேர்க்கப் பார்ப்பவர், பத்து வருடம் அனுபவம் உள்ளவரின் சம்பளத்தையும் சேர்த்துச் சொல்கிறார். இந்தத் துறையில் ஆள் எண்ணிக்கை வேகமாகப் பெருகும் என்று அந்தத் துறையும் எதிர்பார்க்கவில்லை. வரும் காலியிடங்களில் பெரும்பகுதி வேலை மாறுகிறவர்களும் ஓய்வு பெறுகிறவர்களும் விட்டுப்போகும் நாற்காலிகள்.

சம்பளத்தை உயர்த்துவது சான்றிதழின் பெயரைவிட நீங்கள் உட்காரும் துறைதான். நான் பார்த்தவரை, என்னுடையதைப் போன்ற சின்ன குடியேற்ற ஆபீஸ்களில் குறைவு. கம்பெனிகளின் உள் சட்டப் பிரிவு, காப்புரிமை, பெரிய வழக்குகளில் மின்னணு ஆவணங்களை அலசும் பிரிவு, இவற்றில் அதிகம். ஆடிட்டர் ஆபீஸ் அனுபவம் உள்ளவளுக்கு நிறுவனச் சட்டம், திவால் வழக்குகள், உயில் மற்றும் அறக்கட்டளை வேலை எல்லாம் இயல்பாக ஒத்துவரும் என்று சொன்னேன். கூட்டாட்சி அரசு நல்ல சம்பளம் தருகிறது, ஆனால் அந்த வேலைகளுக்குப் பொதுவாகக் குடியுரிமை வேண்டும்.

பலர் கையில் வாங்காமல் விட்டுவிடும் பணம் ஓவர்டைம். கூட்டாட்சி விதிகள் பாராலீகலைப் பொதுவாக ஓவர்டைமுக்கு உரியவராகவே வைக்கின்றன. மாதச் சம்பளம் என்று பேசிவிட்டால் ஓவர்டைம் கிடையாது என்பது தவறான எண்ணம். கலிஃபோர்னியாவில் ஒரு நாளில் எட்டு மணி நேரத்தைத் தாண்டினாலே ஒன்றரை மடங்கு. வழக்கு விசாரணை நெருங்கும் வாரங்களில் இது கணிசமான தொகை. நேர்முகத்திலேயே “இந்த வேலை ஓவர்டைமுக்கு உட்பட்டதா?” என்று மரியாதையாகக் கேட்டுவிடுங்கள்.

வரியில் சின்ன ஆறுதல் ஒன்று உண்டு. வாழ்நாள் கற்றல் வரிச்சலுகையில், தகுதியுள்ள கல்வி நிறுவனத்துக்குக் கட்டிய தொகையில் 20 சதவீதத்தை, அதிகபட்சம் 2,000 டாலர் வரை, வரியில் கழிக்கலாம். கணவன் மனைவி சேர்ந்து கணக்குக் காட்டும்போது வருமானம் 1,60,000-ஐத் தாண்டினால் சலுகை தேயத் தொடங்கி 1,80,000-இல் முற்றும் நின்றுவிடும். ஐடி சம்பளம் உள்ள பல வீடுகளில் இது கிடைக்காது, ஆனால் பார்க்காமல் விடாதீர்கள்.

சான்றிதழே தேவைப்படாத சிலர்

ஊரில் பி.எல். முடித்து வக்கீலாகப் பதிவு செய்து பயிற்சி செய்தவர்கள் பாராலீகல் கோர்ஸில் சேர்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். வெளிநாட்டில் வக்கீலாக அனுமதி பெற்றவர் இங்கே மறுபடி சட்டப் படிப்பு படிக்காமலே கலிஃபோர்னியா பார் தேர்வு எழுத வழி இருக்கிறது. தேர்வு கடினம், மாதக்கணக்கில் தயாரிப்பு வேண்டும். எடுத்த எடுப்பில் பாராலீகலாகச் சேர்ந்து வேலை கற்றுக்கொண்டே படிப்பது நல்ல யோசனை. ஆனால் அதற்கு எட்டாயிரம் டாலர் சான்றிதழ் வேண்டியதில்லை. அந்தப் பணத்தைத் தேர்வுப் பயிற்சிக்கு வையுங்கள்.

குடியேற்ற வேலையில்தான் மனசு இருக்கிறது, ஆனால் ‘ஆலோசனை சொல்லக் கூடாது’ என்ற எல்லை உறுத்துகிறது என்பவர்களுக்கு அமெரிக்க அரசின் நீதித் துறை (டிபார்ட்மென்ட் ஆஃப் ஜஸ்டிஸ்) அங்கீகாரம் பெற்ற பிரதிநிதி என்ற பாதை உண்டு. சட்டப் பட்டம் தேவையில்லை. அங்கீகரிக்கப்பட்ட லாபநோக்கற்ற அமைப்பில் பணிபுரிய வேண்டும், குடியேற்றச் சட்டத்தில் பயிற்சி காட்ட வேண்டும், அந்த அமைப்பே உங்களுக்காக விண்ணப்பிக்கும். பகுதி அங்கீகாரம் பெற்றவர் குடியேற்றத் துறை அலுவலகத்தின் முன்பும், முழு அங்கீகாரம் பெற்றவர் குடியேற்ற நீதிமன்றத்திலும் மக்களுக்காக நிற்கலாம். மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். சம்பளம் அதிகமிருக்காது. ஆனால் தொலைபேசியில் அழுகிறவருக்கு நீங்களே பதில் சொல்லலாம்.

எஃப்-1-இல் இருந்துகொண்டு இந்தச் சான்றிதழை எச்-1பி வேலை விசாவுக்குப் படியாக நினைக்கிறவர்கள் தயவுசெய்து நிற்க வேண்டும். குறிப்பிட்ட துறைப் பட்டம் கட்டாயமில்லாத வேலை என்பதால் பாராலீகல் பணிக்கு எச்-1பி ஒப்புதல் பெறுவது மிகக் கடினம்.

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டிய தாள்

கலிஃபோர்னியாவில் மாநிலப் பணியகத்தின் கட்டுப்பாட்டில் உள்ள தனியார் கல்வி நிறுவனம், நீங்கள் சேர்க்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே ‘ஸ்கூல் பெர்ஃபாமன்ஸ் ஃபேக்ட் ஷீட்’ என்ற தாளைத் தர வேண்டும். அந்தப் படிப்பில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேர் அந்தத் துறையில் வேலையில் இருக்கிறார்கள், என்ன சம்பளம் என்பதெல்லாம் அதில் இருக்கும். வண்ணக் கையேட்டைவிட இந்தக் கறுப்பு வெள்ளைத் தாள்தான் முக்கியம். அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டவர்களுக்கும் ஒரு கதவு திறந்திருக்கிறது: முதல் வகுப்பு முடியும் வரை அல்லது சேர்ந்த ஏழாம் நாள் வரை, இரண்டில் எது பிந்தியதோ அதுவரை, ரத்து செய்து பணத்தைத் திரும்பப் பெறும் உரிமை உண்டு.

தங்கை அந்தத் தாளைக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினாள். முதல் பதிலில் தள்ளுபடி ஒன்று வந்தது, தாள் வரவில்லை. மறுபடி கேட்டாள். வந்தது. என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருவரும் அதை விரித்து வைத்து, ‘முடித்தவர்கள்’ என்ற கட்டத்திலிருந்து ‘அந்தத் துறையில் வேலையில் இருப்பவர்கள்’ என்ற கட்டம் வரை விரலை வைத்துக்கொண்டே போனோம். அந்தக் கடைசிக் கட்டத்தில் இருந்த எண், தொடங்கிய எண்ணில் பாதிகூட இல்லை.

அடுத்த வாரமே நாலு லா ஆபீஸ்களுக்கு முன்மேசை வேலைக்கு விண்ணப்பித்தாள். ஆடிட்டர் ஆபீஸில் ஆறு வருடம் கட்சிக்காரர்களின் கோப்புகளைக் கட்டிக் காத்த அனுபவத்தை முதல் வரியிலேயே எழுதச் சொல்லியிருந்தேன். உயிலும் அறக்கட்டளையும் பார்க்கும் ஓர் ஆபீஸிலிருந்து நேற்று அழைத்திருக்கிறார்கள். இலையுதிர் கால செமஸ்டருக்குக் கம்யூனிட்டி காலேஜில் இரண்டு பாடத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டாள், செவ்வாயும் வியாழனும் மாலை ஆறரைக்கு. ஆறு யூனிட், 276 டாலர். ரசீதை எனக்கு அனுப்பி, “இதுக்கு மட்டும் கட்டிட்டேன்க்கா” என்று எழுதியிருந்தாள்.